மன்னார்ப் படுகையில் புதைபாறைப் பரப்பு: நேரமும் ஆழமும்

தூத்துக்குடி முத்துக்குளிப்போர் ‘பார்’ என வழங்கும் கடலடிப் பாறைத் திட்டுகள் கைக்கு எட்டுவன. பெட்ரோலியம் தேடுவோர் நாடும் பாறைப் பரப்புகளோ கடலடிக்கும் கீழே, வண்டலுள் புதைந்தவை. நில அதிர்வு அலை அவற்றில் எதிரொளித்துத் திரும்பும் நேரமே அளக்கப்படுகிறது. ஆதலால் முதலில் கிடைப்பது நேர வரைபடமேயன்றி ஆழ வரைபடமன்று.

மன்னார் வளைகுடாவில் இவ்வேறுபாடு பெரிது. கண்டத்திட்டு விளிம்பைத் தாண்டியதும் கடல் விரைந்து ஆழமாகிறது. 2011இல் இலங்கைப் பகுதியில் எரிவளி கண்டறியப்பட்ட டொராடோ கிணறு ஏறத்தாழ 1,350 மீட்டர் நீருக்கடியில் உள்ளது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். வண்டலில் 2,500 மீட்டர் எனக் கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டரில் மட்டமாகக் கிடக்கும் பரப்பொன்றுக்கு, 15 மீட்டர் நீருள்ள இடத்தில் இருவழிப் பயண நேரம் 2.41 நொடி, 1,350 மீட்டர் நீருள்ள இடத்தில் 3.12 நொடி. சாய்வே இல்லாத பரப்பு, வண்டல் வேகத்தில் கணக்கிட்டால், ஏறத்தாழ 900 மீட்டர் தாழ்ந்ததாகத் தோன்றும். எண்ணெய் தேங்கத்தக்க மெய்யான மேல்மடிப்பும் இப்பொய்ச் சரிவில் மறைந்துபோகலாம்.

நீரின் பிழையைக் களைவது எளிது. அதன் ஆழமும் வேகமும் அறியப்பட்டவை. படுகையினுள் இடையிடும் எரிமலைப் பாறை அடுக்குகளே கடினமானவை: அவற்றில் அலை வேகம் திடீரெனக் கூடுகிறது; ஆற்றலின் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே எதிரொளித்துவிடுவதால் அடியிலுள்ள பரப்பு மங்கலாகவே பதிவாகிறது.