செப்புத் தகட்டில் பாபநாசம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டுச் செல்வர் இல்லங்களின் சுவர்களைப் பந்தயக் குதிரைகளின் படங்கள் அணிசெய்தன. நரியைத் துரத்தும் குதிரை வீரரும், வேட்டை நாய்களும், நாட்டுப்புறத்து வயல்வெளிகளும் அப்படங்களில் இடம்பெற்றன. இவற்றைப் பல படிகளாக அச்சிட்டுத் தந்த கலையே நம் பொருநையாறு வீழும் பாபநாச அருவியையும் அந்நாட்டார் கண்முன் நிறுத்தியது.

அவ்வருவியை வரைந்தோர் தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் ஆவர். தாமஸ் இளமையில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழில் பயின்றவர். 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்த இருவரும், 1792-இல் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்து திருநெல்வேலிச் சீமையை அடைந்தனர். பாபநாசத்தையும் குற்றாலத்தையும் கண்டு வரைந்தனர். 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்களுள் இவ்விரு அருவிகளும் உள்ளன.

இக்கலைக்கு அக்குவாடிண்ட் என்பது பெயர். செப்புத் தகட்டின்மீது குங்கிலியம் போன்ற பிசின்தூளைத் தூவிச் சூடேற்றுவர். துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பின் தகட்டை அமிலத்தில் இடுவர். துகள்களுக்கு இடைப்பட்ட செம்பை அமிலம் அரிக்கும். நெடுநேரம் அரித்த இடம் கருமையாகவும், சிறிது நேரம் அரித்த இடம் வெளிறியும் அச்சில் விழும். வெண்மை வேண்டும் இடத்தில் முன்னரே மெழுகெண்ணெய் பூசி அமிலத்தைத் தடுத்துவிடுவர். எனவே, அருவியின் வெண்ணுரை மையால் ஆனதன்று; அமிலம் தீண்டாத இடத்தில் தோன்றும் வெறுந்தாளே அது! அச்சிட்ட பின் ஒவ்வொரு படிக்கும் கையால் வண்ணம் இடுவர்.

இத்தகைய படங்களை எவ்வளவு நம்பலாம்? பாயும் குதிரையின் முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக நீண்டு, நான்கும் நிலம் தொடாதிருப்பதாகவே பந்தயப் படங்களில் ஓவியர் வரைந்து வந்தனர். 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் ஓடும் குதிரையைத் தொடர்ச்சியாகப் புகைப்படம் எடுத்தார். நான்கு கால்களும் நிலம் விட்டெழுவது உண்மையே. ஆனால், அப்பொழுது அவை வயிற்றின்கீழ் மடங்கியிருந்தன!

டேனியல்கள் கவனம் மிக்கவர். வில்லையின் வழியாகக் காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் பெட்டியைக் கொண்டு அளவு பிழையாமல் வரைய முயன்றனர். ஆயினும், தாயகம் திரும்பிய பின்னரே தகடுகள் உருவாயின. மேகத்தையும் நிழலையும் மரத்தையும் அமைப்பதில் அவர்தம் விருப்பமும் கலந்திருக்கக்கூடும்.

எனினும், அப்படத்திற்கு ஈடாக நிற்கும் பழஞ்சான்றுகள் சிலவே. அவர்கள் வந்த காலத்தில் புகைப்படக்கலை தோன்றவில்லை. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அருவிநீரின் விசையை நாடிப் பஞ்சாலை எழுந்தது. 1944-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று ஆற்றுநீர் அணையில் தேங்கி, குழாய்களின் வழியே இறங்கி மின்பொறிகளைச் சுழற்றுகிறது. தாமஸும் வில்லியமும் கண்டதோ மலையில் பெய்த மழையின் அளவுக்கேற்பத் தன் விருப்பில் வீழ்ந்த அருவி. அதன் அச்சுப்படி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்படுகிறது.