கூரை நிழல் – 9: குளத்தங்கரை வீடுகள்

சென்ற வாரம் கண்ணகி நகரைப் பார்த்தோம். சென்னையின் நடுவில் பிழைத்தவர்களை ஊரின் விளிம்பில் கொண்டுபோய்க் குடிவைத்த கதை அது. திருவனந்தபுரத்தில் வேறு மாதிரி நடந்த ஓர் இடம் இருக்கிறது.

கிழக்கே கோட்டையிலிருந்து அட்டக்குளங்கரைப் பக்கம் நடந்தால் கரிமடம் காலனி. நடுவில் குளம், சுற்றிலும் நெருக்கியடித்த வீடுகள். குளம் நாளடைவில் குப்பைமேடானது. ஆனாலும் சாலைக் கடைத்தெரு கூப்பிடு தூரத்தில் இருந்தது; மூட்டை தூக்கவும் கடைவேலைக்கும் நடந்தே போய்விடலாம். நகருக்கு வெளியே வீடு தருகிறோம் என்றால் இப்படிப்பட்டவர்கள் முதலில் கணக்குப் போடுவது பஸ் செலவைத்தான்.

2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில் நகர ஏழைகளின் வீட்டுக்கென ஒரு பிரிவு இருந்தது. குறைந்தது 25 சதுர மீட்டர், இரண்டு அறை, அடுக்களை, கழிப்பறை. குடியிருப்பவரின் பங்கு 12 சதவீதம். பட்டியல் சாதியினருக்கு 10. கரிமடத்தில் அந்த வேலையைச் செய்தது லாரி பேக்கர் வழிவந்த காஸ்ட்ஃபோர்டு நிறுவனம்.

பேக்கர் 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இங்கிலாந்தில் 1919-ன் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு நகரசபைகளே தொழிலாளர்களுக்கு வாடகை வீடுகளைக் கட்டிக் குவித்த காலத்தில் வளர்ந்தார். கேரளத்தில் அவர் பரப்பிய முறை எளியது. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. கரிமடத்தின் பூச்சில்லாத செங்கல் அடுக்குகளில் அவருடைய கை தெரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, அந்த மக்கள் குளத்தங்கரையை விட்டுப் போகவில்லை என்பதுதான். கட்டம் கட்டமாக, இருந்த மண்ணிலேயே வீடுகள் எழுந்தன.

குறை இல்லாமல் இல்லை. 25 சதுர மீட்டரில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் மருமகள் எங்கே படுப்பாள்? பொதுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? சாவியைக் கொடுத்த நாளோடு கடமை முடிந்தது என்று அரசு நினைத்தால் பத்தே வருடத்தில் கட்டடம் கிழடாகிவிடும். திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகளோடு ஒரு வாரியக் குடியிருப்பு சரிந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

தம்பானூர் அருகே செங்கல்சூளையும் இப்படியொரு பழைய குடியிருப்பு. தலைமைச் செயலகத்துக்குச் செங்கல் சுட்ட இடம் என்பார்கள். ராஜாஜி நகர் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் வாயில் இன்னும் செங்கல்சூளைதான். அங்கே பிறந்து, ஹரித கர்ம சேனையில் குப்பை சேகரிக்கும் தனுஜா குமாரி அந்த முகவரியோடு வாழ்வது என்னவென்று ஒரு புத்தகமே எழுதினார். இன்று கேரளப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் அது பாடம். செங்கல்சூளையை மறுபடி கட்டத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு அந்த வாசல்களில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அடுத்த வாரம்: கடல் வீட்டைக் கொண்டுபோன மீனவர்களுக்கு 2018-ல் முட்டத்தறையில் எழுந்த 192 வீடுகள்.