அடிமரத்தில் பூக்கும் மூட்டி

மாசி மாதத்தில் திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறவர்கள், காட்டு மரங்களின் தூரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூட்டி மரம் பூத்திருக்கும் காலம் அது. தரையை ஒட்டிய அடிமரத்திலிருந்தே செக்கச்செவேலென்று பூச்சரங்கள் தொங்கும். மேலே கிளைகளில் இலைகள் மட்டும்தான். நம் மேற்கு மலைக் காடுகளில் இதைவிட அழகான பூப்பை நான் கண்டதில்லை.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் அல்லி இதழே கிடையாது. சிவப்பாகத் தெரிவதெல்லாம் புல்லிகள். பலாவும் தண்டில்தான் காய்க்கிறது என்றாலும், மூட்டியைப் போல அடிமரமே தெரியாதபடி பூத்து மூடுவதில்லை. நிழலடைந்த காட்டுக்குள் தாழப் பறக்கும் பூச்சிகளுக்கும், பிறகு பழம் தின்னவரும் விலங்குகளுக்கும் எட்டுவதற்காக இந்த ஏற்பாடு என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் உறவு. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது குற்றாலத்தின் பெயரையே வைத்தார். குற்றாலமும் பொன்முடியும் ஒரே மலைத்தொடரின் இரண்டு சரிவுகள்தானே!

பழம் மழைக்காலத்தில், ஆனி ஆடியில் பழுக்கும். இரண்டு விரலால் அமுக்கினால் தடித்த சிவப்புத் தோல் வெடித்து, உள்ளே கண்ணாடி போன்ற சுளைகள் தெரியும். புளிப்பும் இனிப்புமான அந்தச் சதை கொட்டையை விட்டு லேசில் வராது. வாயிலிட்டுச் சப்பித்தான் தின்ன வேண்டும். தோலை ஊறுகாய் போடுவார்கள். அகத்தியமலையில் வாழும் காணிக்காரப் பழங்குடிகளுக்கு இது பழகிய காட்டுப்பழம். குரங்கும் மலையணிலும்கூட விடுவதில்லை.

இப்போது கேரளத்தில் பலர் இதைத் தோட்டத்தில் வைக்கிறார்கள். அவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, மூட்டியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பது. விதை போட்டு வளர்த்தால், எது எந்த மரம் என்பது முதல் பூ வரும்வரை தெரியாது. அதற்குச் சில வருடம் காத்திருக்க வேண்டும். பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்று வைத்தால் அந்தச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆண் மரம் வேண்டும். பூத்தும் காய்க்கவில்லையே என்று அதை யாரும் வெட்டிவிடக் கூடாது. அதன் மகரந்தம் கிடைத்தால்தான் அடுத்த தோட்டத்துப் பெண் மரமும் காய்க்கும்.