படக்கொட்டகையில் ஒரு புத்தகக் கடை

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள், அலுவலக வேலையொன்றை முன்னிட்டுப் பெக்கான் நானாசிலிருந்து கோலாலம்பூர் போயிருந்தேன். ஆறாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகளும் உடன் வந்திருந்தாள். நாள் முழுதும் பிடிக்கும் என்று எண்ணிய வேலை, காலை பத்தரைக்கே முடிந்துவிட்டது. திரும்பும் பேருந்தோ இரவில்தான். சரி, சும்மா சுற்றிப் பார்ப்போம் என்று பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் நடந்தோம். அடுத்திருந்த ஜாலான் சுல்தானில் ரெக்ஸ் கட்டடம் கண்ணில் பட்டது.

"உள்ளே பெரிய புத்தகக் கடை இருக்கிறது, வா" என்றேன். அவளோ வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சித்தி, உள்ளே போக டிக்கெட் எடுக்கணுமா?"

அவள் கேட்டதிலும் தவறில்லை. ரெக்ஸ் ஒரு காலத்தில் டிக்கெட் எடுத்துப் போகும் படக்கொட்டகைதான். 1947இல் கட்டப்பட்டு, 1972இல் தீக்கிரையாகி, 1976இல் மீண்டும் எழுந்தது. 2002இல் மறுபடியும் தீப்பிடித்ததோடு படம் காட்டுவது நின்றது. 2019இல் உணவுக் கடைகளும் கலை நிகழ்ச்சிகளும் கொண்ட இடமாகப் புத்துயிர் பெற்றது. பின்னர் புக்எக்சஸ் நிறுவனத்தார், படம் ஓடிய மண்டபத்திலேயே புத்தகக் கடை வைத்தார்கள்.

வாசகர்களே, உள்ளே போனால் திகைப்புத்தான்! இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் புத்தக அலமாரிகள். ஒரு சந்தில் நுழைந்தால் எங்கோ வேறொரு சந்தில் வெளிவருகிறோம்.

வெளிநாட்டுப் பதிப்பகங்களில் விற்காமல் எஞ்சிய புதுப் புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுப்பது இவர்களின் வழி. 2009இல் 'பிக் பேட் வூல்ஃப்' என்ற பெரும் புத்தக விற்பனையைத் தொடங்கியவர்களும் இவர்களே. சந்தை கலையும் நேரத்தில் அன்னாசி விலை இறங்குவதை நாம் பார்த்ததில்லையா? அதனால் பழத்தின் இனிப்பு குறைந்தா போகிறது?

ஆனால் பெண்ணோ இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள். "வாங்காம தொட்டா ஏசுவாங்க, சித்தி" என்றாள் மெதுவாக. எனக்குச் சுருக்கென்றது. இருபது ஆண்டுகளாக 'வாசியுங்கள், வாசியுங்கள்' என்று வகுப்பில் சொல்லி வருகிறேன். ஒரு பிள்ளையையாவது புத்தகக் கடைக்குள் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறேனா?

திமிங்கிலப் படம் போட்ட புத்தகம் ஒன்றை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். ஓர் ஓரமாக உட்கார்ந்தவள், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் ஏசவுமில்லை. புறப்படும்போது அதையே வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே பெரும்பாலும் ஆங்கில நூல்கள்தாம். "தமிழ்ப் புத்தகத்துக்கு இப்படி ஒரு கடை இல்லையா?" என்று பேருந்தில் கேட்டாள். "வாங்கிப் படிப்பவர்கள் பெருகினால் வரும்" என்றேன். பதில் எனக்கும் சேர்த்துத்தான்.

தோட்டத்துப் பெற்றோர்களே! இதற்காகக் கோலாலம்பூருக்குப் பேருந்துக் காசு செலவழிக்கச் சொல்லவில்லை. பொந்தியானிலேயே பொது நூலகம் இருக்கிறது. சாமான் வாங்கப் பட்டணம் போகும் நாளில், அரை மணி நேரம் பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். புத்தகக் கடை எதிர்ப்பட்டால் கூசாமல் நுழையுங்கள். புரட்டிப் பார்க்கக் காசில்லை.

உள்ளே போக டிக்கெட் வேண்டாம் என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டுமல்லவா? அதை நாமே சொல்வோம்.