ஸ்தாபனமும் மாறுதலும்

மாறுதல் ஒரு ஸ்தாபனத்தைக் காக்குமா, கெடுக்குமா? காங்கிரஸ் மகாசபையின் சரித்திரமே இதற்குத் தக்க விடையென்பது நமது அபிப்பிராயம். 1885ஆம் ஆண்டு பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் தோன்றிய அச்சபை, நெடுங்காலம் ஆங்கிலங் கற்ற கனவான்கள் ஆண்டுக்கொரு முறை கூடித் தீர்மானஞ் செய்து கலையும் சபையாகவே இருந்தது. 1920இல் நாகபுரியில் புது விதிகள் ஏற்பட்டன. நோக்கத்தை ஏற்று நாலணாச் செலுத்தும் வயது வந்தோர் யாவரும் அங்கத்தினராகலாம். மாகாணக் கமிட்டிகள் பாஷைவாரியாக அமையும். ஆண்டு முழுதும் வேலை நடத்தக் காரியக் கமிட்டி இருக்கும். அங்கேயே உறுதிசெய்யப்பட்ட ஒத்துழையாமையை ஏற்காத ஜின்னா போன்றோர் விலகினர். நஷ்டம் மெய்யே, ஆயினும், கிராமத்துக் குடியானவனும் உட்புகுந்தான், சபை வலுத்தது. வாயிலை அகலத் திறக்கும் மாறுதல் உயிரளிக்கும். பதவியிலிருப்போரைக் காக்கும் மாறுதலோ வெறுஞ் சுவர்ப்பூச்சே. நம் சங்கங்களில் மாறுதல் வருங்கால், அது எவருக்கு வாயில் திறக்கிறதென்று கேட்போமாக.