கேப்டன் நாற்காலி செய்வது எப்படி?

ஆபீஸ் நாற்காலியைப் பற்றி யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை. எழுதும்படி அது நடந்துகொள்வதும் இல்லை. ஒரு கை ஆடும். ஒரு சக்கரம் சுற்றாது. கொஞ்சம் சாய்ந்தால் போதும், 'கிறீச்' என்று மேனேஜருக்குத் தகவல் சொல்லிவிடும். எட்டு மணி நேரம் அதில் குந்திவிட்டு வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டால், அங்கே ஒருத்தன் விண்வெளிக் கப்பலின் நட்டநடுவில் ஜம்மென்று சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியில் இருக்கும் பட்டனைத் தட்டித் தட்டி நட்சத்திர மண்டலத்தையே அதட்டிக்கொண்டிருக்கிறான்!

'இது மாதிரி ஒண்ணு நம்ம வீட்ல இருந்தா எப்படி இருக்கும்?'

இப்படி நினைத்தவர்கள் உலகம் பூராவும் உண்டு. நினைப்பதோடு நிற்காமல் ரம்பமும் உளியும் எடுத்து, ப்ளைவுட்டை அறுத்து, நிஜமாகவே செய்து பார்த்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் ஜெயித்தார்கள். சிலர் செய்தது வீட்டு மூலையில் துணி போடும் ஸ்டாண்டாகச் சேவை செய்கிறது. வித்தியாசம் எங்கே வந்தது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கேப்டனின் ரகசியம்

முதலில் அந்தப் புகழ்பெற்ற நாற்காலி. 'ஸ்டார் ட்ரெக்' தொடர் அமெரிக்க டி.வி.யில் 1966 செப்டம்பர் 8-ம் தேதி தொடங்கியது. மூன்று சீசன், 1969-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். கேப்டன் கிர்க்காக வந்தவர் வில்லியம் ஷாட்னர். கப்பலை வடிவமைத்த ஆர்ட் டைரக்டர் மேட் ஜெஃப்ரீஸ், விமானம் என்றால் உயிரை விடுகிறவர்.

கேப்டனின் நாற்காலி இருபத்து மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கதை. நிஜம் என்ன தெரியுமா? மிஸிஸிப்பி மாநிலத்தில் இருந்த மேடிசன் என்ற ஃபர்னிச்சர் கம்பெனியின் சாதாரண நாற்காலி! கறுப்பு ரெக்ஸின் போட்டது. அதைச் சுற்றி மரத்தில் பெட்டி அடித்து, கைப்பிடிகளை அகலமாக்கி, பட்டன்களும் விளக்குகளும் பொருத்தி, ஒரு பீடத்தின் மேல் தூக்கி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். கப்பலில் மற்றவர்கள் உட்காரும் நாற்காலிகளும் பர்க் என்ற கம்பெனி கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்த சரக்குதான். முதுகுப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.

'பட்ஜெட் இல்லை, அதனால் அப்படி' என்று சொல்லிவிடலாம். உண்மைதான். ஆனால் அதில் ஒரு லாபமும் இருந்தது. உட்காரும் இடத்தை ஏற்கெனவே ஒரு நாற்காலிக் கம்பெனி சரியாகச் செய்து வைத்திருந்தது. கற்பனைக்கு வேலை சுற்றுப்புறத்தில் மட்டும். நடிகர் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் முதுகு முனகவில்லை!

உப்பு டப்பா கதை

இதே தொடரில் இன்னொரு தமாஷ். முதலில் ஒளிபரப்பான கதையில், உப்பைத் தேடி அலையும் ஒரு வேற்றுக்கிரகப் பிராணி வருகிறது. ஆகவே உப்பு டப்பா தேவை. எதிர்காலத்து உப்பு டப்பா எப்படி இருக்கும்? விதவிதமாக, நவீனமாக, பளபளவென்று பல டப்பாக்களை வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு சிக்கல். அதைப் பார்க்கிற யாருக்கும் அது உப்பு டப்பா என்றே தெரியவில்லை!

கடைசியில் சாதாரண உப்பு டப்பாவையே கேமரா முன் வைத்தார்கள். அந்த நவீன டப்பாக்கள் வீணாகவில்லை. கப்பல் டாக்டரின் கையில் கொடுத்து, ஆபரேஷன் கருவி என்று சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் நம்பினார்கள். ஆபரேஷன் கருவி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. உப்பு டப்பா தெரியும்.

நாற்காலிக்கும் இதே நீதிதான். அது எந்த கிரகத்திலிருந்து வந்திருந்தாலும், பார்த்தவுடனே 'இங்கே உட்காரலாம்' என்று தெரிய வேண்டும். 'ஏங்க, இதுல எந்தப் பக்கம் உட்கார்றது?' என்று வந்தவர் கேட்டால், நீங்கள் செய்தது சிற்பம்.

சினிமாவுக்கு முந்தின எதிர்காலம்

1968-ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பார்த்தவர்களுக்கு, விண்வெளி நிலையத்து லவுஞ்சில் அலை அலையாகக் கிடக்கும் சிவப்பு நாற்காலிகள் நினைவிருக்கும். அவை படத்துக்காகச் செய்தவை அல்ல. ஆலிவியே மூர்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1965 வாக்கிலேயே வடிவமைத்து விற்பனைக்கு வந்துவிட்டவை. பெயர் 'ஜின்'. நினைத்தபடி உருவம் மாறும் பூதத்தின் பெயர்.

உள்ளே இரும்புக் குழாய், அதன் மேல் ஃபோம், அதற்கு மேல் காலுறை மாதிரி இழுத்து மாட்டும் துணி. அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். பூதத்தைத் துவைக்க முடிகிறது பாருங்கள், அங்கேதான் வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம்! குறை இல்லாமல் இல்லை. தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும். சாய்ந்து அரட்டை அடிக்கப் பிரமாதம். முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபோம் வருஷங்கள் போகப்போக நொறுங்கிப் பொடியாவது இன்னொரு தலைவலி.

சுவரில் உட்கார்ந்த மனிதர்

கலையும் வசதியும் கைகோத்த கதை வேண்டுமென்றால் ஃபின்லாந்துக்குப் போக வேண்டும். ஈரோ ஆர்னியோ. 1962-ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவர். புது வீடு. வீட்டில் நல்லதாக ஒரு பெரிய நாற்காலி இல்லை. கடைக்குப் போவதற்குப் பதில், தானே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்து வரைந்தார். வரைய வரைய உருவம் எளிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பந்தாகிவிட்டது! பந்தின் ஒரு பக்கத்தைச் சீவிவிட்டு உள்ளே மனிதன் உட்கார வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். படம் அழகாக இருக்கிறதே என்று அப்படியே செய்துவிடுவார்கள். ஆர்னியோ செய்தது வேறு. முழு அளவில் படம் வரைந்து சுவரில் ஒட்டினார். அதற்கு முன்னால் உட்காருகிற மாதிரி பாவனை செய்தார். தலை எங்கெங்கே போய் வருகிறது என்பதை அவர் மனைவி சுவரில் கோடு இழுத்துக் குறித்தார். நாற்காலியின் உயரத்தை முடிவு செய்தது அந்தக் கோடுதான். இரண்டாவதாக ஒரு நிபந்தனை: பந்து வாசல் வழியாக நுழைய வேண்டும்!

முதல் நாற்காலியை அவர் கையாலேயே செய்தார். கிளைடர் விமானத்தின் உடம்பைச் செய்கிற அதே முறை. ப்ளைவுட்டில் அச்சு, மேலே ஈரக் காகிதம், அதன் மேல் ஃபைபர் கிளாஸ். காய்ந்ததும் வெளிப்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, அச்சை உருவி எடுத்து, உள்ளே மெத்தை வைத்துத் தைத்து, கால் பொருத்தி, கடைசியில் உள்சுவரில் ஒரு சிவப்புப் போனையும் மாட்டிவிட்டார். 1963-ல் பிறந்த இந்தப் 'பந்து நாற்காலி' 1966-ல் ஜெர்மனியின் கொலோன் ஃபர்னிச்சர் கண்காட்சியில் அறிமுகமாகி உலகப் பிரசித்தம் ஆனது. சுழலும். உள்ளே உட்கார்ந்தால் வெளிச் சத்தம் அடங்கிவிடும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்!

விண்கலம் மாதிரி இருக்கிறது. ஆனால் பிறந்தது ஒரு மனிதனின் தலை உயரத்திலிருந்தும் ஒரு வீட்டு வாசலின் அகலத்திலிருந்தும்.

எலும்பு நாற்காலி

எதிர்க்கோடியில் ஒருவர். ஸ்விட்சர்லாந்தின் ஹெச்.ஆர். கீகர் (1940-2014). 'ஏலியன்' படத்து ராட்சசப் பிராணியை உருவாக்கியவர். 1980-ல் ஆஸ்கர் வாங்கிய குழுவில் இருந்தவர். 'ட்யூன்' நாவலைப் படமாக்க எழுபதுகளில் நடந்த முயற்சிக்காக இவரும் வரைந்தார். அந்தப் படம் வரவே இல்லை. ஆனால் அதில் வரும் வில்லன் குடும்பத்தின் பெயரில் ஒரு நாற்காலி மிஞ்சியது. முதுகெலும்பும் விலா எலும்பும் மண்டை ஓடும் சேர்ந்து 'வா, உட்கார்' என்று கூப்பிடும். உட்காரத் தைரியம் வேண்டும்.

வரவேற்பறையில் போட்டால் மாமியார் வீட்டுக்காரர்கள் மறுபடி வரமாட்டார்கள். (இதை ஒரு வசதியாகக் கருதுகிறவர்கள் இருக்கலாம்!) ஆனால் கீகர் தொழில்முறையில் கட்டடக் கலையும் தொழில் வடிவமைப்பும் படித்தவர். 1992-ல் கூர் நகரிலும், 2003-ல் க்ரூயேரிலும் அவர் பாணியில் பார்கள் திறந்தபோது, எலும்புக்கூட்டு வளைவுகளுக்குக் கீழே அதே ஜாதி நாற்காலிகளில் ஜனங்கள் உட்கார்ந்து நிம்மதியாகக் குடித்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார அது போதும். தினமும் உட்கார்ந்து கணக்கு எழுத முடியாது. எந்த இடத்துக்கு எந்த நாற்காலி என்பதும் வசதியில் சேர்த்திதான்.

நீங்களே செய்வதானால்...

ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

1. உட்காரும் பலகை தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம். பாதம் தரையில் பதிய வேண்டும். ஆழமும் ஏறக்குறைய அதே அளவு. அதற்கு மேல் போனால் முழங்கால் மடிப்பில் அழுத்தும்.

2. சாய்மானம் செங்குத்தாக வேண்டாம். பத்துப் பதினைந்து டிகிரி பின்னால் சாயட்டும். கைப்பிடி, உட்காரும் பலகையிலிருந்து எட்டு அங்குலம் உயரத்தில்.

3. எழுதும் மேஜை என்றால் 29, 30 அங்குல உயரம். விண்கலத்துக்கும் இதேதான். அங்கேயும் முழங்கை இதே இடத்தில்தான் இருக்கும்.

4. ஒற்றைக் கால் பீடம் பார்க்க அழகு. அடித்தளம் அகலமாகவும் கனமாகவும் இல்லாவிட்டால் கேப்டன் குப்புற விழுவார். சுழல் நாற்காலிகளுக்கு ஐந்து கால் வைப்பது சும்மா இல்லை.

5. வளைவு வேண்டுமா? ப்ளைவுட்டின் உட்பக்கத்தில் வரிசையாகப் பாதி ஆழத்துக்கு மேல் ரம்பக் கீறல் போட்டால் வளைந்து கொடுக்கும். ஃபைபர் கிளாஸ் என்றால் காற்றோட்டமான இடம், முகமூடி, கையுறை அவசியம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

6. விளக்கு வைக்கிறீர்களா? 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையும் அடாப்டரும் போதும். நேராக 230 வோல்ட்டை நாற்காலிக்குள் இழுத்தால் நீங்கள் நிஜமாகவே விண்வெளிக்குப் போய்விடுவீர்கள்.

7. முதலில் பழைய அட்டைப் பெட்டிகளில் முழு அளவு மாதிரி செய்து, ஆர்னியோ மாதிரி உட்கார்ந்து பாருங்கள். ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். வாடகை வீடென்றால் கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். 'சார், செஞ்சுட்டேன். வெளிய எடுக்க சுவத்த இடிக்கணும்' என்று அவர் சொல்லும்போது ஹவுஸ் ஓனர் பக்கத்தில் நின்றால் வம்பு.

ஒன்றரைக் கோடியும் ஓர் ஊரும்

கேப்டன் கிர்க்கின் அசல் நாற்காலி என்ன ஆயிற்று? 2002-ல் ஏலம் விட்டார்கள். 3,04,750 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய்! வாங்கியவர் மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன். சியாட்டில் நகரில் அவர் ஆரம்பித்த அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்கலாம். உட்கார நினைக்காதீர்கள்.

நியூயார்க் மாநிலத்தில் டிகொண்டரோகா என்று ஒரு சின்ன ஊர். எல்விஸ் பிரெஸ்லி மாதிரி வேஷம் கட்டிப் பாடுவதைத் தொழிலாகக் கொண்ட ஜேம்ஸ் காலி என்ற ரசிகர், பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு அந்தக் கப்பலின் அறைகளை அப்படியே பல வருஷம் பாடுபட்டுத் திரும்பக் கட்டினார். 2016-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நடுவில் கேப்டன் நாற்காலி. நகல்தான். ஆனால் வருகிறவர்கள் அதில் ஏறி உட்காரலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஷாட்னரே அங்கே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றரைக் கோடி கொடுத்த அசல் காட்சிப்பொருளாகிவிட்டது. ரசிகர் கட்டிய கப்பலில்தான் கேப்டனுக்கு உட்கார இடம் கிடைத்தது.

ஆகவே, அளவு டேப்பை எடுங்கள். முதலில் உங்கள் முழங்கால் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களை அப்புறம் பார்க்கலாம்.