நடுவயதில் ஆபத்துதவிப் பணி: எதனைத் தேர்ந்தெடுப்பது?

வெள்ளமோ தீ விபத்தோ நேர்ந்த ஊர்களில், உதவிக்கு விரைந்து வந்தோரின் பணியை நேரிற் கண்டபின், "நாமும் இத்தகைய வேலையில் சேர்ந்தால் என்ன?" என்னும் எண்ணம் நடுவயதினர் சிலருக்கு எழுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில், மாதந்தோறும் நிலையான சம்பளம் வேண்டும் என்ற கவலையும் அதனுடன் கலந்துவிடுகிறது. முன்னது தொண்டு, பின்னது பிழைப்பு. இவற்றுள் எது தமக்கு முதன்மையானது என்பதைத் தெளிந்த பின்னரே விண்ணப்பத்தைக் கையில் எடுப்பது நலம்.

முதலில் வயதைக் கவனிப்போம். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர்களைக் காவலர்களுடன் சேர்த்துச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தெரிவு செய்கிறது. 2023ஆம் ஆண்டின் அறிவிப்பில் பொதுப் பிரிவினருக்கு 26 வயது வரையிலும், பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28 வரையிலும், ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 31 வரையிலும் இடமளிக்கப்பட்டது. காவலர் பணிக்கு ஆதரவற்ற விதவையர் 37 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்றும், முன்னாள் இராணுவத்தினருக்கு வரம்பு 47 என்றும் கூறப்பட்டிருந்தது. ஆகவே இராணுவத்தில் பணியாற்றாத 40 வயது விவசாயிக்கு இவ்வழி இல்லை. "வயதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறிப் பணம் கேட்கும் தரகரை நம்பி, மாட்டை விற்றவரும் நிலத்தை அடகு வைத்தவரும் அப்பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கிராமசபையிலேயே எடுத்துரைக்கலாம்.

அடுத்தது 108 ஆம்புலன்ஸ். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இச்சேவையை, அரசின் சார்பில் ஒரு நிறுவனம் ஒப்பந்தப்படி நடத்துகிறது. எனவே இது அரசு உத்தியோகமன்று. பலர் இதை அறியாமலே சேர்ந்து பின்னர் மனம் நோகின்றனர். அண்மைக்கால அறிவிப்புகளில், பத்தாம் வகுப்புத் தேறி, ஓட்டுநர் உரிமமும் பேட்ஜும் பெற்ற 24 முதல் 35 வயது வரையுள்ளோர் ஓட்டுநராகக் கோரப்பட்டனர். மருத்துவ உதவியாளருக்கு வரம்பு 30. செவிலியம், மருந்தியல் போன்ற படிப்பும் தேவை. லாரி ஓட்டிய 33 வயதினருக்கு இதுவே பொருத்தமான வாயில் என்பது என் கருத்து. நாட்டுப்புறச் சாலைகளை அறிந்தவராகவும், பதற்றமுற்ற உறவினரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவராகவும் இருப்பது இங்கு பெரும் உதவி. ஆயினும் வண்டி ஓட்டுவதோடு வேலை முடிவதில்லை. நோயாளியைத் தூக்கு படுக்கையில் வைத்து வரப்பின் மேலும் மாடிப்படியிலும் சுமக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர் நன்கு யோசிக்க வேண்டும். ஒரு முறை என்பது 12 மணி நேரம், இரவிலும் வரும். இரவில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்ச வீட்டில் வேறு ஆள் உண்டா? இல்லையெனில் நிலம் தரிசாகும். அந்த நட்டத்தையும் சம்பளத்தில் கழித்துக் கணக்கிட வேண்டும்.

நாற்பதைத் தொட்டவர்க்குப் பொருந்துவது ஊர்க்காவல் படை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், இம்மாநிலத்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த படை இது. திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, வெள்ளக் காலக் காவல் ஆகியவற்றில் போலீசாருக்குத் துணை நிற்பது இதன் பணி. மாதத்தில் சில நாட்களே வேலை; பணியாற்றிய நாளுக்கே படி. இதனைக் குடும்ப வருமானமாகக் கருதலாகாது. உழவைக் கைவிடாமல் ஆற்றக்கூடிய தொண்டாகக் கருதலாம். விவரங்களை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நீச்சலும் ஏரி, ஆற்றின் போக்கும் அறிந்தவர்க்கு இன்னொரு வகையும் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டம், 2021இல் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களைப் பயிற்றுவிக்குமாறு விரிவாக்கப்பட்டது. 18 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு 12 நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. இதில் சம்பளம் கிடையாது. ஆயினும் முதல் வண்டி ஊருக்கு வந்து சேருமுன் செய்ய வேண்டியதை அறிந்தவர் நால்வர் ஊரிலேயே இருப்பது எத்தனை பயன்! பாழ்கிணற்றில் நச்சுக்காற்றால் மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கி உயிரிழப்போர் உண்டல்லவா? இறங்காமல் தடுத்து, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்பும் நிதானமும் பயிற்சியால் வருவதே.

எதில் சேர எண்ணுபவரும் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நடைபெறும் தீத்தொண்டு வாரத்தில் அருகிலுள்ள நிலையத்தின் செயல்விளக்கத்தைக் கண்டு, அங்குள்ளோரிடம் வேலையின் தன்மையை விசாரிக்கலாம். அச்செயல்விளக்கத்தைத் தங்கள் ஊரிலேயே நடத்தித் தருமாறு பஞ்சாயத்துத் தலைவர்கள் நிலைய அலுவலருக்கு முன்கூட்டியே எழுதலாம்.